சாவி

தந்தையார் மறைந்தபின், 1974ஆம் ஆண்டு, என் அன்னையார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் இருந்த எங்கள் வீட்டைப் பூட்டி, அதன் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கல்கத்தாவுக்கு இரயிலேறினார். தமிழ்ச்சங்கப் பற்று மிகுந்திருந்த நான், "சாவி தமிழன்று, திறவுகோல் என்று சொல்லம்மா" எனத் திருத்துவேன். அவர் மறுமொழி கூறார்.

நானும் என் மனைவியும் வேலைக்குச் சென்றிருந்த ஒருநாள், அவர் வெளியே வந்தபோது கதவு காற்றில் சாத்திக்கொண்டது. தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு, சாவியோ உள்ளே! வங்கமொழி அறியாத அவர், எதிர்வீட்டு அம்மையாரிடம் கதவைக் காட்டி, "சாவி, சாவி" என்றார். அந்த அம்மையார் தம் தோளில் தொங்கிய முந்தானை நுனியை முன்னே இழுத்து, அதிற் கட்டியிருந்த கொத்தைக் குலுக்கி, "சாபி?" என்றாராம். மாலையில் நாங்கள் திரும்பியபோது இருவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். "உன் சொல்லைச் சொல்லியிருந்தால் இந்நேரமும் படிக்கட்டில்தான் நின்றிருப்பேன்" என்றார் அன்னையார்.

அதன்பின்னரே அச்சொல்லின் வரலாற்றைத் தேடினேன். தமிழ் திராவிட மொழி. வங்கம் இந்திய-ஆரிய மொழி. இச்சொல் இரண்டுக்கும் உரியதன்று. 1498இல் கோழிக்கோட்டை அடைந்த போர்ச்சுகீசியர் பின்னர் நாகப்பட்டினத்திலும் ஹூக்ளியிலும் வாணிகம் செய்தனர். அவர்தம் 'சாவே' தமிழிற் சாவியாயிற்று, வங்கத்திற் சாபியாயிற்று. அதன் மூலம் இலத்தீன் மொழியின் 'கிளாவிஸ்'. நம் ஜன்னலும் அலமாரியும், வங்காளியரின் ஜானாலாவும் ஆல்மாரியும் அவ்வழி வந்தவையே. ஹூக்ளியை 1632இல் முகலாயர் கைப்பற்றினர். நாகையை 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். வந்தவர் போயினர், சொற்கள் நம் வீடுகளில் தங்கிவிட்டன.

தூய தமிழிலும் 'சாவி' உண்டு. மணி பிடிக்காமற் பதராய்ப் போன பயிருக்கு அது பெயர். ஊரில் விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் அன்னையார் அச்சொல்லையும் கண்ணீரோடு சொன்னவர்தாம். அவருக்கா நான் தமிழ் கற்பித்தேன் என எண்ணும்போது இன்றும் நாணுகிறேன்.

அன்னையார் மறைந்தார், ஊர் வீடும் விலைபோயிற்று. வாங்கியவர் புதுப்பூட்டுப் போட்டுக்கொண்டார். பழைய சாவி மட்டும் என்னிடம் உள்ளது. அண்மையில் என் பேத்தி அதைக் கையிலெடுத்து, "இது எந்த வீட்டுச் சாபி, தாத்தா?" என்றாள்.

நான் திருத்தவில்லை. அந்த வீட்டின் கதையைச் சொல்லத் தொடங்கினேன்.