தாழில்லாத கதவு

ஃப்ரிஜ்ஜின் கதவுக்குத் தாழ் கிடையாது என்பது, தினம் பத்துத் தடவை அதைத் திறந்து மூடுகிறவர்களுக்குக்கூட ஒரு விஷயமாகப் பட்டிருக்காது. சிலவற்றில் சாவி போட்டுப் பூட்டுகிற வசதி இருக்கிறது. அது வீட்டு மனிதர்களை உத்தேசித்து வைத்தது. கதவைப் பெட்டியோடு பிடித்து வைத்திருப்பது அதுவல்ல. கதவின் நாலு ஓரத்திலும் ஓடும் ரப்பர் பட்டைக்குள் இருக்கிற மெல்லிய காந்தம்தான் அந்த வேலையைச் செய்கிறது. ரொம்பவும் பலவீனமான பிடி. ஒரு குழந்தை உள்ளிருந்து தள்ளினால் திறந்துவிடும். திறந்துவிட வேண்டும் என்பதற்காகவே அப்படி.

முன்பு இப்படி இல்லை. வெளியிலிருந்து மட்டுமே திறக்கக்கூடிய உலோகத் தாழ் இருந்தது. அமெரிக்காவில், வேண்டாமென்று கழித்துப்போட்ட பெட்டிகளுக்குள் விளையாட்டாகப் புகுந்துகொண்ட குழந்தைகள் வெளியே வரமுடியாமல் மூச்சடைத்துச் செத்தார்கள். ஒன்று இரண்டல்ல. 1956 ஆகஸ்டில் இதற்கென்றே அங்கே ஒரு சட்டம் வந்தது. 1958 அக்டோபர் 30 முதல் தயாராகும் வீட்டு ஃப்ரிஜ்ஜுகள் உள்ளிருந்து சுலபமாகத் திறக்கக்கூடியவையாக இருக்கவேண்டும். 15 பவுண்டு விசைக்குக் கதவு இடம் கொடுத்துவிட வேண்டும் என்று அளவும் விதிக்கப்பட்டது. தாழ் போயிற்று, காந்தம் அந்த இடத்துக்கு வந்தது.

மூன்று மாதம் ஆவதற்குள், 1959 ஜனவரியில், சென்னையில் சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' முதல் இதழ் வெளிவந்தது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் போன மாதம் பூராவும் ஒரு ஃப்ரிஜ் கதவோடு மல்லுக்கட்டிய எனக்கு, இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மாற்றலாகி வந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்தது மாடி வீடு. படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம். சாமான் ஏற்ற வந்தவர்கள் இரட்டைக் கதவு ஃப்ரிஜ்ஜைப் பார்த்தார்கள், படியைப் பார்த்தார்கள், கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியை மேலே கொண்டுபோனார்கள். கதவுகளைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். ஆனால் மேல் கதவுக்கும் கீழ்க் கதவுக்கும் நடுவிலிருந்த சந்து அகலமாகவும் கோணலாகவும் இருந்தது. கீழ்க் கதவை நன்றாக அழுத்திச் சாத்தினால் நின்றது. சும்மா தள்ளிவிட்டால் பாதி வழி போய், மெதுவாகத் திரும்பி வந்தது.

வெறும் பார்வைக்குறை என்றால் விட்டிருப்பேன். அம்மாவின் இன்சுலின் அதற்குள் இருந்தது. பிரிக்காத குப்பிகளை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். உறைந்தாலும் கெட்டது, சூடேறினாலும் கெட்டது. கெட்டது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். அம்மாவுக்கு வலது தோள் இறுகிப்போயிருக்கிறது. கையை நீட்டி எதையும் அழுத்த முடியாது. முழங்கையால் கதவை ஒரு இடி இடித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ஒரு நாள் விடியற்காலையில் பார்த்தால் கதவு திறந்து கிடந்தது, உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூன்று குப்பிகளைத் தூக்கி எறிந்தோம். "இனிமே நான் அதைத் தொடலப்பா. நீயே எடுத்துக் குடுத்துடு" என்றாள் அம்மா. தன் மருந்தைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வது அவளுக்கு மிச்சமிருந்த சில சுதந்திரங்களில் ஒன்று.

மெக்கானிக் வந்து, ரப்பர் போய்விட்டது, மாற்றவேண்டும் என்றார். விலையும் சொன்னார். அவர் போனபிறகு பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து, அழுத்திச் சாத்தி, இழுத்துப் பார்த்தேன். நாலு பக்கமும் நோட்டு இறுக்கமாகத்தான் வந்தது. ரப்பரும் காந்தமும் சரியாகவே இருந்தன. காந்தம் பிடிக்கக்கூடிய தூரத்துக்குக் கதவு தானாக வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கீழ் வீட்டுக் கொத்தனாரிடம் ரசமட்டம் கேட்டேன். எதற்கு என்று விசாரித்துவிட்டு, "சமையல்கட்டுல கழுவிவிட்டா தண்ணி மடைக்குப் போகணும்ல தம்பி. வாட்டம் வச்சுத்தான் தரை போட்டிருப்போம்" என்றார். வாட்டம் இருந்தது. மடை இருப்பது ஃப்ரிஜ்ஜுக்கு முன்னால், இடது மூலையில். பெட்டி அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ப்ளக்கைப் பிடுங்கி, சாமான்களை வெளியே எடுத்து, கதவுத் தட்டுகளைக் காலி செய்துகொண்டேன். இன்சுலின் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. மேல் கீலின் மூடியை நெம்பி எடுத்து, போல்ட்டுகளைக் கழற்றினால் மேல் கதவு நடுக் கீலின் முளையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. பிறகு நடுக் கீல், பிறகு கீழ்க் கதவு. அடிக் கீலின் முளையில் இருக்கவேண்டிய பிளாஸ்டிக் வாஷர் நடுக் கீலின் மேல்முளையில் இரண்டாவதாகச் செருகப்பட்டிருந்தது. கீழ்க் கதவு ஒரு வாஷர் கனம் தாழ்ந்தும் மேல் கதவு ஒரு வாஷர் கனம் உயர்ந்தும் இருந்தன. சந்து அகலமானதற்கு அது காரணம். கோணலுக்கு வேறு காரணம்.

கதவுகளைக் கீழிருந்து மேலாக மாட்டவேண்டும். ஆனால் கீல்களை உடனே இறுக்கிவிடக் கூடாது. முதலில் கால்களைப் பார்க்கவேண்டும். சமமில்லாத கால்களில் நிற்கும் பெட்டி ஒரு மயிரிழை முறுக்கிக்கொள்கிறது. அதில் தொங்கும் கதவுகள் அந்த முறுக்கைத்தான் பெரிதாக்கிக் காட்டுகின்றன. கீலை நகர்த்திக் கதவை நேராக்குகிறவன் கோணலுக்கு ஏற்றபடி இன்னொரு கோணலைத் தயாரிக்கிறான். முன்கால்களைத் திருகி, இடம் வலமாக ரசமட்டத்தின் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். பாதிக் கோணல் அதிலேயே போய்விட்டது. மீதிக்கு நடுக் கீலை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் போதுமாயிருந்தது.

முன்பின்னாகப் பார்க்கும்போது குமிழி நடுவில் நிற்கக்கூடாது. முன்பக்கம் சுமார் கால் அங்குலம் தூக்கி இருக்கவேண்டும். அப்போதுதான் பாதி திறந்த கதவு தன் கனத்தாலேயே திரும்பி வரும், காந்தத்தின் எல்லைக்குள் வந்ததும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் பாட்டில்களைக் கதவுத் தட்டுகளில் வைத்து, அந்தப் பாரத்தோடு ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம்தான் போல்ட்டுகளை இறுக்கினேன்.

யாப்பு ஒரு தாழ். தாழ் இருக்கிற கதவு கோணலாக இருந்தாலும் தெரியாது. தரை எந்தப் பக்கம் வாட்டமாக இருந்தாலும் கவலையில்லை. கொண்டிக்குள் விழுந்துவிட்டால் அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எத்தனையோ வெண்பாக்களுக்குள் சிந்தனை கோணிக்கொண்டு நிற்பதை எதுகையின் 'டக்' என்ற சத்தம் மறைத்திருக்கிறது. கம்பனுக்குத் தாழ் தேவைப்பட்டிருக்காது. அவன் பெட்டி நேராக நின்றது. தாழை எடுத்ததும் 1962-ல் 'புதுக்குரல்கள்' தொகுதி வந்தபோது மரபுக்காரர்கள் பயந்தது, கதவே நிற்காது என்று. அதற்குப் பின் வந்த நம்மில் பலர் எடுத்துக்கொண்ட அர்த்தம், இனிமேல் எதுவும் வேண்டாம் என்று. இரண்டும் ஒரே பிழை. பிடி பலவீனமாகும்போது மற்றதெல்லாம் துல்லியமாக வேண்டியிருக்கிறது. வாஷர் கனத்துக்கு ஒரு சொல் இடம் மாறியிருந்தால் தெரிகிறது. எழுதுகிறவன் நிற்கிற தரையின் வாட்டம் தெரிகிறது.

நம் விமர்சனம் பெரும்பாலும் அந்த மெக்கானிக் சொன்னதையே சொல்கிறது. படிமம் பழசாகிவிட்டது, மாற்று. சொற்சிக்கனம் போதாது, இறுக்கு. ரப்பர் சமாசாரம். பிசகு அங்கே இல்லாதபோது எத்தனை ரப்பர் மாற்றினாலும் கதவு திரும்பி வரத்தான் போகிறது. நல்ல கவிதையில் வெளியே தெரியாத ஒரு சாய்வு உள்நோக்கி இருக்கிறது. வாசகன் பாதியில் விட்டாலும் மீதித் தூரம் அது தானே போய்ச் சேர்கிறது. விமர்சகன் பக்கத்தில் நின்று அழுத்திப் பிடித்தால்தான் மூடும் என்கிற கவிதை மூடவில்லை என்றே அர்த்தம். இறுகிய தோளுடன் முழங்கையால் இடிக்கிற வாசகருக்கும் அது மூடவேண்டும்.

தாழைத் திரும்பக் கொண்டுவரலாமே என்கிறார்கள். தாழ் எதற்காகப் போயிற்று என்பதை மேலே எழுதியிருக்கிறேன். செத்த குழந்தைகளை ஒரு இலக்கிய வாதத்துக்கு உவமையாக்குவது எனக்குச் சம்மதமில்லை. அதனால் அதை நீட்டவில்லை. உள்ளே யாரோ இருக்கக்கூடும் என்ற நினைப்பில்தான் இந்தப் பலவீனமான பிடி ஏற்பட்டது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கால்களைத் திருகிச் சரிசெய்த பெட்டி சில வாரங்களில் பாரத்தால் கொஞ்சம் அமிழும். கதவு வருகிற வேகம் குறையும். அப்போது மறுபடி ரசமட்டத்தை வைத்துப் பார்க்கவேண்டும். இது ஒரு தடவை செய்து முடிக்கிற வேலை இல்லை.