பெடல் மேல் இருந்த கால்

டிராக்டரில் கிளட்ச் பிளேட்டைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன் அச்சுக்கு இரு பக்கமும் ஆப்பு வைக்காமல் பிரித்தால் இன்ஜின் ஒருபுறம் சாய்ந்துவிடும். கூலி, லாரிச் செலவு, உழவு கெட்ட நாட்கள் என்று சேர்த்தால் ஒரு மாட்டு விலை. அதனால் சட்டென்று பிரிக்கச் சொல்கிறவரை விட்டுவிட்டு, முதலில் குனிந்து பார்க்கிறவரைத்தான் நான் தேடிப் போவேன். இந்தப் புத்தி எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது.

எங்களிடம் இருந்தது பழைய மாஸி 1035, இரட்டை கிளட்ச். பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும். முழுக்க மிதித்தால் பின்னால் சுற்றுகிற ரொட்டவேட்டரும் நிற்கும். ஒரு குறுவைக்குச் சேறடிக்கும்போது இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை, கருகல் வாடை. பட்டறையில் பிரித்துப் புது பிளேட் போட்டார்கள். தாளடிக்குள் மறுபடி அதே வாடை. பட்டறைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தேன்.

பக்கத்து ஊரிலிருந்து ஒரு வயதான மெக்கானிக்கை அழைத்து வந்தேன். ஸ்பேனர் பையை அவர் திறக்கவே இல்லை. என்னை ஓட்டச் சொல்லிவிட்டு வரப்பிலேயே கூட நடந்தார். கொஞ்ச தூரம் போனதும், "தம்பி, கியர் மாத்தாதப்ப அந்தக் கால் அங்க என்ன பண்ணுது?" என்றார்.

என் இடது கால் பெடல் மேலேயே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. பத்து வருடப் பழக்கம்.

இறங்கச் சொல்லி, பெடலைக் கையால் அமுக்கிக் காட்டினார். இறுக்கம் தட்டுவதற்கு முன் சுமார் ஒரு அங்குலம் அது சும்மா ஆட வேண்டும். என் வண்டியில் துளிகூட ஆட்டமில்லை. பிளேட் தேயத் தேய அந்த ஆட்டம் குறைந்துகொண்டே வரும். நானோ காலை வைத்து வைத்தே தேய்த்திருக்கிறேன். பெடலோடு இணைந்த கம்பியின் நட்டைத் திருகி ஆட்டத்தை மீட்டுக் கொடுத்தார். பத்து நிமிட வேலை. மிச்சமிருந்த பிளேட் இன்னும் ஒரு போகத்துக்குத் தாங்கியது.

அன்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எல்லா கியரும் கரகரவென்று கத்தினால் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை. ஆட்டம் கூடிப்போயிருக்கும், அல்லது மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்று பிளேட் துருவில் ஒட்டியிருக்கும். (இதற்காகவே ஐப்பசியில் பெடலை அமுக்கி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்துகிறேன்.) ஒரே ஒரு கியர் மட்டும் நழுவினால் கிளட்சைத் திட்டாதே, கியர் பாக்ஸைப் பார். பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் ரிலீஸ் பேரிங். கிளட்ச் கூட்டின் அடியில் உள்ள துளையில் எண்ணெய் சொட்டினால் விரலில் தொட்டுப் பார்: கருத்து நீர்த்திருந்தால் இன்ஜின் பக்கத்து சீல், கெட்டியாக நாறினால் கியர் பக்கத்து சீல். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றுவது ஓட்டைக் குடத்துக்குப் பெயின்ட் அடிக்கிற கதை.

மறுநாள் அந்தப் பட்டறைக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்று, கடைசியில் என் காலைப் பற்றிச் சொன்னேன். பட்டறைக்காரர் கைக் கரியைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "ஸ்லிப் ஆகுதுன்னு வந்தீங்க. ஓட்டுறது யாருன்னு நானும் கேக்கலியேண்ணே" என்று சொல்லிவிட்டு, பையனை இரண்டு டீ வாங்கிவர அனுப்பினார்.