சுற்றி வந்த வழி

இங்கிலாந்தின் வடமேற்கே, கெசிக் என்னும் சிற்றூரை அடுத்து டெர்வென்ட்வாட்டர் என்றோர் ஏரி உண்டு. அதன் நடுவே மரங்கள் அடர்ந்த சிறு தீவொன்று. ஏழாம் நூற்றாண்டில் அத்தீவில் தனித்து வாழ்ந்த துறவி புனித ஹெர்பர்ட். அவருடைய ஆருயிர் நண்பர் லிண்டிஸ்பார்ன் ஆயரான புனித கத்பர்ட். ஆண்டுக்கொருமுறை நண்பரைச் சென்று காண்பது ஹெர்பர்ட்டின் வழக்கம். "இனி இவ்வுலகில் நாம் சந்திக்கப் போவதில்லை" என்று கத்பர்ட் ஒருநாள் கூறியபோது, இருவரும் ஒருங்கே இறைவனிடம் செல்ல வரம் கேட்குமாறு ஹெர்பர்ட் கண்ணீருடன் வேண்டினார். 687ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், வெவ்வேறு இடங்களில், இருவரும் ஒரே நாளில் இறந்தனர் என வரலாற்றாசிரியரான புனித பீட் எழுதிவைத்துள்ளார்.

சென்ற ஜூன் மாதத்துக் காலையொன்றில், ஏரிக்கரையில் நின்று இதனை எனக்குச் சொன்னவர் என் அண்ணன். வட இங்கிலாந்தில் மருத்துவமனைச் செவிலியராய் இருபது ஆண்டுகளாகப் பணியாற்றுபவர். எங்கள் இருவருக்கும் இடையே பேசப்படாத செய்தி ஒன்று இருந்தது.

2020 ஜூலையில் அம்மா ஊரில் இறந்தார். பெருந்தொற்றால் விமானங்கள் நின்றுபோயிருந்த காலம். அண்ணன் வர இயலாது என்பதை அறிந்து, அடக்கத் திருப்பலியைக் கைப்பேசி வழியே காண ஏற்பாடு செய்தேன். வளைகுடாவிலிருந்த உறவினர் அனைவரும் இணைந்தனர். அண்ணன் பெயர் மட்டும் திரையில் தோன்றவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதன்பின் தொலைபேசியில் உடல்நலமும் பிள்ளைகளின் படிப்பும் மட்டுமே பேசிவந்தோம்.

அன்று நாங்கள் மேற்கொண்டது பதினைந்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஒரு சுற்று நடை. ஏரிக்கரையிலிருந்து காட்டுவழியே ஏறி, 379 மீட்டர் உயரமுள்ள வல்லா பாறையை அடைந்தோம். ஏரி முழுவதும் காலடியில் விரிந்தது. ஹெர்பர்ட்டின் தீவு கையகலமாய்த் தெரிந்தது. அங்கிருந்து 590 மீட்டர் உயரமுள்ள பிளேபெரி குன்று. அதைக் கடந்ததும் தொடங்குகிறது சதுப்பு.

மலையுச்சியில் சதுப்பா என்று வியக்கத் தோன்றும். இம்மலைகளின் சில பகுதிகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. அடியிலுள்ள பாறை நீரை எளிதில் உள்ளே விடுவதில்லை, மேடோ தட்டையானது. அங்கு வளரும் ஒருவகைப் பாசி, தன் உலர்ந்த எடையைப்போல் இருபது மடங்கு வரை நீரைத் தாங்கும். மடிந்த பாசி நீருக்குள் காற்றின்றிக் கிடப்பதால் முற்றிலும் மட்குவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் கரிய மண்ணாகப் படிகிறது. அக்கணக்கின்படி, ஹெர்பர்ட் காலத்துப் பாசி ஒன்றேகால் மீட்டருக்கும் கீழே கிடக்கவேண்டும்.

"வெள்ளையாய்ப் பஞ்சு பூத்திருக்கும் இடத்தில் கால் வைக்காதே. சுற்றி வா" என்றார் அண்ணன். அவர் கோரைத் திட்டுகளை ஒவ்வொன்றாய்த் தேர்ந்து, வளைந்து வளைந்து நடந்தார். எனக்கோ பொறுமையில்லை. எதிரே மேடு தெரிந்தது, நேராக நடந்தேன். பத்தாவது அடியில் வலக்கால் தொடைவரை இறங்கிற்று. அதை மீட்க ஊன்றிய இடக்காலும் முழங்கால்வரை புதைந்தது. சில்லென்ற கருஞ்சேறு இறுகப் பற்றிக்கொண்டது. வீம்பு மறைந்து அச்சம் வந்தது.

அண்ணன் ஓடிவரவில்லை, சுற்றியே வந்தார். திட்டொன்றில் மண்டியிட்டு, ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினார். "பின்னால் சாய். காலை மெல்ல ஆட்டி இழு. அவசரம் வேண்டாம்." காலணி மட்டும் சேற்றோடு போகாமல் தப்பியது.

608 மீட்டர் உயரமுள்ள ஹை சீட் உச்சியில், நில அளவைத் தூணருகே அமர்ந்தோம். தேநீரை ஊற்றித் தந்துவிட்டு, கிழக்கே ஹெல்வெலின் மலைத்தொடரைப் பார்த்தபடியே அண்ணன் சொன்னார்:

"அம்மாவை அடக்கம் செய்த அன்று இங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஊரில் மாலை நான்கு மணி. இங்கே காலை பதினொன்றரை. தனியாகச் செபமாலை சொன்னேன். அந்த மாதங்களில் வார்டில் எத்தனையோ பேர் இறந்தார்கள். பிள்ளைகள் விடைபெற நான்தான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அம்மாவையும் அந்தச் சிறு திரையில் பார்க்க எனக்குத் துணிவில்லை, தம்பி. உன்னிடம் சொன்னால் சாக்கு என்று நினைப்பாய்."

அன்று சொல்லியிருந்தால் அவ்வாறே நினைத்திருப்பேன். அதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். பல ஆண்டுகளாக அவரை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தேன். ஒருமுறையேனும் வாய்திறந்து வினவவில்லை. படிந்து இறுகியது அவர் மனம் என்றெண்ணியிருந்தேன். படிந்தது என்னுள்ளேதான்.

அந்த மேட்டில் கிழக்கே வடியும் நீர் தெர்ல்மியர் நீர்த்தேக்கம் சேர்ந்து, 1894 முதல் மான்செஸ்டர் நகரின் தாகம் தீர்க்கிறது. மேற்கே வடிவது ஹெர்பர்ட்டின் ஏரிக்கு இறங்குகிறது. நாங்களும் மேற்கே இறங்கினோம். ஹை டோவ் மேட்டின் சேற்றில் இம்முறை அண்ணனின் காலடி பார்த்தே கால் வைத்தேன். வாட்டென்லத் என்னும் சிற்றூரின் பழைய கல்பாலத்தைக் கடந்து, ஓடையை ஒட்டி நடந்து, அந்திக்குள் புறப்பட்ட கரைக்கே வந்து சேர்ந்தோம்.

தீவின்மேல் வெயில் மங்கிக்கொண்டிருந்தது. சேறு காய்ந்த கையால் கைப்பேசியை எடுத்தேன்.

"அம்மாவின் அடக்கத் திருப்பலி இதில் பதிவாகி இருக்கிறது. பார்க்கிறீர்களா, அண்ணா?"

அவர் உடனே விடை கூறவில்லை. குனிந்து ஏரி நீரில் கைகளைக் கழுவினார்.

"வீட்டுக்குப் போவோம்" என்றார். "சேர்ந்து பார்ப்போம்."