ஓடுவதற்கு முன் பத்து நிமிடம்

விளையாட்டு விழாவில் கைதட்டல் ஓட்டத்திற்கே கிடைக்கிறது. ஓடும் கால்களை ஆயத்தம் செய்த நிமிடங்களை எவரும் கவனிப்பதில்லை. தொடர் ஓட்டக் குழுவைச் சேர்ந்த நாங்கள் எழுத விரும்புவது அந்த நிமிடங்களைப் பற்றித்தான்.

மாணவியராகிய நாம் நாள் முழுவதும் பெஞ்சில் அமர்ந்திருக்கிறோம். இடுப்பின் முன்புறத் தசைகள் மணிக்கணக்கில் மடங்கியே கிடக்கின்றன. கடைசி மணி அடித்ததும் பையை வைத்துவிட்டு முழு வேகத்தில் ஓடினால் என்னவாகும்? விரைந்து ஓடும்போது முன்னே வீசிய கால் தரையைத் தொடுமுன், பின்தொடைத் தசை நீண்ட நிலையிலேயே அக்காலின் வேகத்தை அடக்க வேண்டியிருக்கிறது. தசை இழுத்துக்கொள்வது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான்.

சென்ற ஆண்டு ஒரு போட்டிக்குச் சென்றபோது பேருந்து தாமதமாயிற்று. நாங்கள் இறங்கியதுமே எங்கள் ஓட்டத்தை அறிவித்துவிட்டார்கள். மூன்றாவதாக ஓடிய தோழி வளைவிலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஆறு வாரங்களில் வலி போயிற்று. ஆனால் அவள் வீட்டில், "பெண் பிள்ளைக்கு இனி ஓட்டம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தசை இழுத்துக்கொண்டதில் அவள் மைதானத்தையே இழந்தாள்.

அதன்பின் எங்கள் விளையாட்டு ஆசிரியை பயிற்சி முறையையே மாற்றினார். குனிந்து கால்விரலைத் தொட்டபடி அசையாமல் நிற்பது மட்டும் போதாது என்று விளக்கினார். 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், ஆஸ்திரேலிய இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரில் ஒரு பகுதியினர் மட்டும் பயிற்சிக்கு முன் தசைகளை அவ்வாறு நீட்டினர். ஆயினும் இரு பிரிவினரின் காயங்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாறாக, நார்வே நாட்டில் கால்பந்து ஆடும் 13 முதல் 17 வயதுப் பெண்களிடையே நடந்து 2008இல் வெளியான ஆய்வில், மெதுவோட்டம், வலுப்பயிற்சி, சமநிலைப் பயிற்சி ஆகியவை சேர்ந்த ஆயத்தத்தால் காயங்கள் குறைந்தன.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். முதலில் ஐந்து நிமிடம் மெதுவோட்டம். உடல் சற்று வியர்க்க வேண்டும். பின்பு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் பத்து முறை, பக்கவாட்டில் பத்து முறை வீசுகிறோம். நீண்ட அடி வைத்து, முழங்காலைத் தாழ்த்தித் தாழ்த்தி நடக்கிறோம். இடுப்புத் தசை நன்கு விரிவதை இதில் உணரலாம். அடுத்து முழங்காலை உயர்த்தியும், குதிகால் பின்புறத்தைத் தொடும்படியும் ஓடுகிறோம். முடிவில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி மூன்று சிறு ஓட்டங்கள். அசையாமல் முப்பது விநாடி தசையை நீட்டி நிற்பதைப் பயிற்சி முடிந்தபின் வைத்துக்கொள்கிறோம். எதிலும் வெட்டி இழுப்பதில்லை, வலித்தால் நிறுத்திவிடுகிறோம்.

இதைச் செய்தால் காயமே வராது என்று நாங்கள் சொல்லவில்லை. வாய்ப்பு குறையும், அதுவே எங்களுக்குப் பெரிது.

தங்கைகளே, பேருந்து தாமதமானாலும் இந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டுப் பெறுங்கள். பெற்றோர்களே, உங்கள் மகளுக்குக் காயம் பட்டால் ஓய்வு கொடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறியபின் அவளை மறுபடியும் மைதானத்திற்கு அனுப்பி வையுங்கள். அவளுக்கான இடத்தை நாங்கள் வைத்திருப்போம்.