ஊற்றிக் கொடுக்கிற வேலை

போன மாதம் வென்ட்வேர்த்வில் பக்கம் ஒரு கலியாணம். சாப்பாட்டு மேசையில் என் முன்னால் இருந்த சொந்தக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தார். "இவர் இருபத்தெட்டு வருசம் பப்பில நிண்டவர். இப்ப ரிட்டயர் பண்ணியிட்டார். ஊத்திக் குடுக்கிற வேலைக்கும் ரிட்டயர்மென்ற் இருக்குது பாருங்கோ." மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இந்தப் பகிடி எனக்குப் பழசு. யாழ்ப்பாணத்தில் சைவக் குடும்பம் ஒன்றில் பிறந்துவிட்டு சிட்னியில் பியர் ஊற்றுகிறவன் இதைக் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

குத்தியது அதற்குப் பிறகு வந்தது. அக்காவின் மகன், பல்கலைக்கழகம் போகிற பொடியன், எனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னான்: "இல்லை அங்கிள், அதுக்கும் சேட்டிபிக்கற் இருக்கு. ஆர்.எஸ்.ஏ., பொறுப்பா மது பரிமாறுறதுக்கு. நானும் போன கிழமை எடுத்திட்டன். கட்டில்ல படுத்துக்கொண்டு போனிலேயே முடிச்சிட்டன். தெரியாத கேள்வியளுக்குப் பிரெண்ட் விடை அனுப்பினவன். மாமா வச்சிருக்கிறதும் அதே காட்தான்."

அதே காட்தான். உண்மை. அதில் எந்தப் பொய்யும் இல்லை.

நான் எழும்பி வெளியே போனேன். கார்ப்பார்க்கில் வழக்கம்போல ஒரு காரின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே விஸ்கிப் போத்தல், பிளாஸ்டிக் கோப்பை, ஒரு பை ஐஸ். எங்கள் ஆட்கள் அளவுக் கிண்ணம் வைத்து ஊற்றுவதில்லை, கண்தான் அளவு. அந்தக் கண் ஊற்றுகிற ஒரு 'சின்னப் பெக்' எழுபது மில்லிலீட்டருக்குக் குறையாது. பப்பில் நாங்கள் கொடுப்பது முப்பது. மூன்று தரம் ஊற்றிக் குடித்துவிட்டு "நான் மூண்டுதான் எடுத்தனான்" என்று கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறவர் உண்மையில் ஏழு குடித்திருக்கிறார். இதை எண்ணாமல் என்னால் நிற்க முடியாது. வேலையை விட்டாலும் கண் விடுவதில்லை.

கணக்குப் பெரிய வித்தையில்லை. இந்த நாட்டில் ஒரு 'ஸ்டான்டர்ட் டிரிங்' என்றால் 10 கிராம் சுத்த அற்ககோல். பிரித்தானியாவில் அவர்களுடைய யூனிட் 8 கிராம், அமெரிக்காவில் 14. ஆகவே லண்டனில் இருந்து வந்த மச்சான் சொல்கிற கணக்கை இங்கே எடுக்கக்கூடாது. லீட்டரை அற்ககோல் வீதத்தால் பெருக்கி 0.789ஆல் பெருக்கினால் விடை வரும். 4.8 வீதப் பியர், பெரிய கிளாசான ஸ்கூனர் ஒன்று என்றால் 1.6. சின்னக் கிளாசான மிடி என்றால் 1.1. ஒரு மணித்தியாலத்துக்கு ஈரல் கரைப்பது ஏறக்குறைய ஒன்று. கோப்பி குடித்தாலும் பச்சைத் தண்ணீரில் தலை முழுகினாலும் அதன் வேகம் கூடாது. கடைசிக் கிளாசை வைத்த பிறகும் இரத்தத்தில் அளவு கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே போகும். வீட்டுக்குக் கார் ஓட்டலாமா என்பதற்கு 0.05 என்ற கோடு. இவ்வளவையும் போனில் படுத்துக்கொண்டு படிக்கலாம்தான். நான் மறுக்கவில்லை.

படிக்க முடியாதது என்னவென்றால், சட்டத்தில் இருக்கிற ஒரு சொல். நியூ சவுத் வேல்ஸின் 2007ஆம் ஆண்டு மதுச் சட்டம் வெறியில் இருக்கிற ஆளுக்கு மது கொடுக்கக்கூடாது என்கிறது. கொடுத்தால் முதலாளிக்கு மட்டுமில்லை, ஊற்றிய எனக்கும் 11,000 டொலர் வரை தண்டம் விழலாம். சரி, வெறி என்றால் என்ன? பேச்சு, நிதானம், கைகால் ஒத்திசைவு, நடத்தை இவற்றில் ஏதாவது பார்த்தால் தெரிகிற அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அது குடியால் வந்தது என்று நம்ப நியாயமான காரணமும் இருக்க வேண்டும். 'நியாயமான காரணம்.' அதை யார் தீர்மானிப்பது? சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு, மூன்று வரிசை ஆட்கள் கவுண்டரில் நெருக்கிக்கொண்டு நிற்கிறபோது, மணித்தியாலக் கூலிக்கு நிற்கிற பொடியனோ பெட்டையோதான் தீர்மானிக்க வேண்டும்.

எனக்கு அதைக் கற்றுத் தந்தது வகுப்பு இல்லை. வகுப்புக்கும் போனேன். ஒரு நாள் முழுக்க, இருபது பேர், கடைசியில் ஒருவரையொருவர் மறுத்துப் பார்க்கிற நாடகம். அது பிறகு. 1996இல் நான் கிளாஸ் பொறுக்குகிறவனாகச் சேர்ந்தபோது கவுண்டருக்குப் பொறுப்பாக ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். அப்போது ஐம்பத்தைந்து இருக்கும். மெலிந்த உடம்பு, புகைத்துக் கரகரத்த குரல். பெயரை எழுதினால் விரும்பமாட்டார். அவருடைய தகப்பனும் பப்பில் நின்றவர். இந்த மாநிலத்தில் 1916இல் இருந்து 1955 வரை பப்புகள் மாலை ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும் என்று இருந்தது. வேலை முடிந்து ஐந்து மணிக்கு வருகிறவர்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் இறக்கக்கூடியதையெல்லாம் இறக்குவார்களாம். தகப்பன் குழாயைப் பிடித்துக்கொண்டு நீட்டிய கிளாசுக்கெல்லாம் நிரப்பிக்கொண்டே போவாராம், முகமே பார்ப்பதில்லை. "அவர் ஊற்றினார், பரிமாறவில்லை" என்பார் அந்த அம்மா. ஊற்றுவதும் பரிமாறுவதும் வேறு என்று எனக்கு முதன்முதலாகச் சொன்னவர் அவர்தான்.

மூன்று மாதம் என்னைக் குழாயைத் தொடவிடவில்லை. கிளாஸ் பொறுக்கு, மேசை துடை, பார். இரவு பூட்டிய பிறகு கேட்பார்: "ஏழாம் மேசையில் நீலச் சட்டைக்காரர். எத்தனை?" நான் கிளாசை எண்ணிச் சொல்வேன். "நான் கிளாசைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்டேன். வந்தபோது எப்படி இருந்தார்? ஒன்பது மணிக்கு? பகிடியை எத்தனை தரம் சொன்னார்?" எங்கள் வாசலில் இருந்து கவுண்டருக்குப் பதினெட்டு அடி. அந்தப் பதினெட்டு அடிதான் பரீட்சை என்பார். ஆள் கதவைத் தள்ளுகிற விதம், படியில் கால் வைக்கிற விதம், காசை எடுக்கிற விரல். வேறு இடத்தில் குடித்துவிட்டு வந்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். கவுண்டருக்கு வந்து கையை ஊன்றிவிட்டால் எல்லோரும் நிதானமாகத்தான் தெரிவார்கள்.

மறுப்பதை அவர் கடைசி ஆயுதமாகத்தான் வைத்திருந்தார். அதற்கு முன்னால் மெதுவாக்குவது. அதுதான் கலை. கேட்காமலே தண்ணீர்ச் சாடி வரும். சிப்ஸ் வரும். குடிக்கிற ஆளுக்குப் பக்கத்துக் கவுண்டரைத் துடைக்கத் தொடங்குவார், கதை கேட்பார். சில நேரம் மாற்றத் தேவையே இல்லாத பீப்பாயை மாற்றவென்று நிலவறைக்குள் போய்ப் பத்து நிமிடம் நிற்பார். மேலே அந்த மனிதன் காத்திருப்பான்; ஈரல் தன் வேலையைச் செய்யும். ஒரு இரவில் மூன்று ஆட்களை இப்படி மறுப்பாக ஒரு சொல் பேசாமல் இறக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

மறுத்தே ஆக வேண்டுமென்றால், கூட்டாளிகளுக்கு முன்னால் இல்லை. கவுண்டரைச் சுற்றி வந்து பக்கத்தில் நிற்பார், முன்னால் நிற்கமாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார். 'உனக்குக் கூடிப்போச்சு' என்ற சொல் வராது. "இனி ஊற்றினால் எனக்குத்தான் வழக்கு, என்னை மாட்டிவிடாதே" என்பார். பழி சட்டத்தின் மேல் போகும், தன் மேல் போகும். அவன் மேல் போகாது. ராக்சி கூப்பிடவா என்று கேட்பார். 'நாளைக்கு வா' என்பது கட்டாயம். சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார், நின்று வாதாடமாட்டார். உடனே மற்றக் கவுண்டருக்கும் வாசலில் நிற்கிறவருக்கும் தகவல் போகும். இல்லாவிட்டால் கூட்டாளி வாங்கிக் கொடுத்துவிடுவான். வெளியே அனுப்பப்பட்டவர் 50 மீட்டருக்குள் நிற்கக்கூடாது, 24 மணித்தியாலத்துக்குள் திரும்பி உள்ளே வரக்கூடாது என்பதும் சட்டம்.

இப்படிப் படித்தும் நான் பிழை விட்டேன். ஒரு புதன்கிழமை பின்னேரம் மூன்று மணி, பப்பில் ஆளில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். ஒரு கால் இழுத்தது, உடம்பு சாய்ந்தது, பேச்சு குழறியது. பதினெட்டு அடியும் பார்த்தேன். சுற்றி வந்து பக்கத்தில் நின்றேன், குரலைத் தாழ்த்தினேன், அம்மா சொன்னபடியே எல்லாம் செய்தேன். அவர் கோபிக்கவில்லை. சட்டைப் பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். கசங்கி, மடிப்பில் கிழிந்து, பலர் வாசித்த கடிதம். விபத்தில் மூளையில் அடிபட்டவர் என்று டொக்டர் எழுதியிருந்தார். அன்று அவர் ஒரு துளி குடித்திருக்கவில்லை. எத்தனை கவுண்டர்களில் அந்தக் கடிதத்தை விரித்திருப்பார் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அம்மா வந்து மன்னிப்புக் கேட்டு, அவருக்கு ஒரு மிடி வைத்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "காலைப் பார்த்தாய். இரண்டு நிமிடம் கதைத்தாயா?" என்று மட்டும் கேட்டார். கதைத்திருந்தால் தெரிந்திருக்கும். குழறிய பேச்சுக்குள்ளே கருத்து நேராக இருந்தது. குடித்தவனுக்கு நேரம் போகப்போக மாறும். இவர் வந்தபோது எப்படியோ அப்படியே போனார். பிறகு அவர் வாராவாரம் வந்தார், எனக்குக் குதிரைப் பந்தயமும் சொல்லித் தந்தார். இதே பாடம்தான் ஒரு நாள் இன்னொருவரை வெறிகாரன் என்று அனுப்பாமல் என்னைத் தடுத்தது. வியர்வையும் வெளிறிய முகமும் கண்டு விசாரித்தேன். நீரிழிவு, சீனி இறங்கியிருந்தது. அவசர இலக்கமான 000க்கு அடித்தோம்.

இந்த அம்மாவின் வித்தை எனக்கு முற்றிலும் புதிதாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்த் தவறணையில் கள்ளு வார்க்கிறவருக்கும் இது தெரிந்திருந்தது. பிளாவை நீட்டுகிறவனின் கை நடுக்கம் பார்த்து, "அண்ணை, முட்டி முடிஞ்சுது" என்று அடுத்த முட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டே சொல்வார். பெண்சாதி காத்திருக்கிறா என்று நினைவூட்டுவார். அவரை ஊர் எப்படி நடத்தியது என்பது வேறு கட்டுரை. நாங்களே அவர் வீட்டில் தண்ணீர் குடிக்காத ஆட்கள். கலியாண மேசையில் சிரித்த சிரிப்புக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இப்போது நிலைமை என்ன? படம் போட்ட அட்டை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல், எல்லாம் ஒழுங்கு. சிட்னி கிங்ஸ் குரொஸ் பக்கம் அடிபட்டுப் பொடியள் செத்தபிறகு, 2014இல் அந்தப் பக்கத்துக்கு இரவு ஒன்றரை மணிக்கு வாசலைப் பூட்டு, மூன்று மணிக்குக் குழாயைப் பூட்டு என்றார்கள். எங்கள் மேற்குப் பக்கத்துக்கு அந்தப் பூட்டு வரவில்லை. போத்தல் விற்பனை மட்டும் இரவு பத்தோடு நின்றது. பிறகு எல்லாவற்றையும் மெல்லத் தளர்த்தினார்கள். நேரத்தைப் பூட்டலாம், திறக்கலாம். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவருக்குக் கண் இருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு மேசையில் ஒட்டிய கியூ.ஆர். கட்டத்தைப் போனில் படம்பிடித்துக் கேட்டால் பியர் மேசைக்கே வந்துவிடுகிறது. பதினெட்டு அடி எங்கே? நாலாவது சுற்றை யார் கேட்டது என்று ஊற்றுகிறவனுக்குத் தெரியாது, கொண்டுபோகிறவளுக்கு மேசை இலக்கம் மட்டும் தெரியும். அந்த அம்மாவின் தகப்பன் காலத்துக்கே திரும்பிவிட்டோம். குழாய் மட்டும் பளபளப்பு.

எனக்குப் பிரியாவிடை வைத்த இரவைச் சொல்லி முடிக்கிறேன். முதல்தரம் கவுண்டரின் இந்தப் பக்கம் இருந்தேன். ஒரு மணித்தியாலத்தில் ஒரு மிடி, அவ்வளவுதான். குழாயில் நின்றவன் மூன்று கிழமைக்கு முன் சேர்ந்த பொடியன். எனக்கு ஒரு குரங்குப் புத்தி வந்தது. அவனிடம் போய், சில்லறையைக் கீழே கொட்டினேன். நாக்கைத் தடிக்கவைத்து அதே கதையை இரண்டு தரம் சொன்னேன். முழங்கையைக் கவுண்டரில் வைக்கத் தவறினேன். ஒரு ஸ்கூனர் கேட்டேன். "நோ வொரீஸ், மேட்" என்று நுரை தளும்ப வைத்துவிட்டு, காட் இயந்திரத்தை நீட்டினான்.

கிளாசை எடுத்துக்கொண்டு கவுண்டரைச் சுற்றிப் போய் சிங்கில் ஊற்றினேன். நள்ளிரவு தாண்டித் திறந்திருக்கிற இடங்களில் சம்பவப் பதிவேடு இருக்க வேண்டும். எங்களுடையது இன்னும் புத்தகம்தான். விரித்து எழுதினேன்: இரவு 8.40. ஆண், அறுபத்தைந்து வயதிருக்கும், இலங்கையர். பேச்சுக் குழறல். காசு விழுந்தது. சொன்னதையே சொன்னார். ஒரு ஸ்கூனர் கொடுக்கப்பட்டது. 'எடுத்த நடவடிக்கை' என்று கடைசியில் ஒரு கட்டம். அதை விட்டுவிட்டுப் பேனையைப் பொடியனிடம் கொடுத்தேன்.

"இதில என்ன எழுதுறது?" என்று இங்கிலீசில் கேட்டான். அவனுக்கு முன்னால் நாலு பேர் பியருக்கு நின்றார்கள்.