பவனி திங்கட்கிழமையில் முடிகிறது



வருகிற குருத்தோலை ஞாயிறன்று நாம் குடும்பம் குடும்பமாகத் தெருவில் இறங்கப்போகிறோம். சிறுபிள்ளைகள் ஓலைகளை ஏந்தி முன்னே செல்ல, பாடகர் குழுவும் சபையாரும் பின்தொடர, ஓசன்னா என்னும் முழக்கம் ஊரெங்கும் கேட்கும். அந்தப் பவனியில் நடக்கும்போதெல்லாம் என் தகப்பனாரின் முகம் என் நினைவுக்கு வருகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. திருநெல்வேலிச் சீமையில் எங்கள் கிராமம். இரண்டு ஆண்டுகளாக மழை பொய்த்திருந்தது. தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் எங்கள் வீட்டுப் பற்று 240 ரூபாயைத் தாண்டியிருந்தது. அவர் கிறிஸ்தவர் அல்லர். கடனைக் கடுமையாகக் கேட்டவரும் அல்லர். ஆயினும் அப்பா அந்தக் கடைவாசலைத் தவிர்த்து, குளத்தங்கரையைச் சுற்றியே போய்வந்தார்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. அம்மா முந்தின இரவே எங்களுக்கு ஓலையில் சிலுவை மடித்துத் தந்திருந்தார். "பிள்ளைகளைக் கூட்டிட்டு நீ போ. நான் கோயில்லயே இருக்கேன்" என்றார் அப்பா. அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணாச்சி முன்னால நடக்க முடியலன்னா, ஆண்டவர் முன்னால எப்படி நடக்கது?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா வந்தார். கடையை நெருங்கியதும் அவருடைய பாட்டு நின்றுபோயிற்று. அண்ணாச்சி வானொலியை நிறுத்திவிட்டு, பவனி கடந்துபோகும்வரை எழுந்து நின்றார். அந்த மரியாதை அப்பாவை இன்னும் தலைகுனியச் செய்தது.

மறுநாள் காலையில் அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கையில் இருந்தது 30 ரூபாய். "மீதியை எப்போ தருவேன்னு சொல்லத் தெரியல, அண்ணாச்சி. ஒளிஞ்சு நடந்தது தப்பு" என்றார். அண்ணாச்சி பற்று நோட்டில் வரவு எழுதிக்கொண்டே, "நேத்து பாடிட்டுப் போனீங்க. இன்னைக்கு வருவீங்கன்னு நினைச்சேன்" என்றார். கடன் முழுவதும் தீர ஓராண்டுக்கு மேலாயிற்று. குளத்தங்கரைப் பாதை மட்டும் அன்றோடு நின்றது.

பல ஆண்டுகளுக்குப் பின் இறையியல் கல்லூரியில் மாற்கு 11ஆம் அதிகாரத்தைப் படித்தபோது அந்தத் திங்கட்கிழமை எனக்கு விளங்கிற்று. ஒலிவமலையிலிருந்து ஆரவாரத்தோடு இறங்கிய பவனி எருசலேமை அடைகிறது. ஆண்டவர் தேவாலயத்துக்குள் சென்று எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கிறார். பொழுது சாய்ந்துவிட்டதால் பெத்தானியாவுக்குப் போகிறார். மறுநாள் திரும்பி வந்தே காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்க்கிறார். ஞாயிறன்று ஏற்ற துதி, திங்களன்று சுத்திகரிப்பாக மாறுகிறது.

அன்பானவர்களே, நாம் நடக்கும் தெரு நம்மை அறிந்த தெரு. கூலி பாக்கி வைக்கப்பட்டவர் அங்கே இருக்கிறார். நாம் பேச்சை முறித்துக்கொண்ட உடன்பிறந்தவரின் வீடும் அங்கேதான் இருக்கிறது. இதை எண்ணிப் பவனியிலிருந்து ஒதுங்க வேண்டாம். ஓசன்னா என்பது அடிப்படையில் இரட்சிக்கும்படி கெஞ்சும் குரல். குறையுள்ளவர்கள் எழுப்பவேண்டிய குரல். ஆகவே பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். எந்த வாசலுக்கு முன் உங்கள் குரல் தாழ்கிறது என்று கவனியுங்கள். திங்கட்கிழமை அந்த வாசலுக்குப் போங்கள்.

ஆண்டவரே, எங்கள் கைகளில் ஓலையைத் தருகிற நீர், எங்கள் கால்களுக்கு அந்த வாசலுக்குச் செல்லும் துணிவையும் தாரும். ஆமென்.