கவாத்தும் தாய்ப்பழியும்

1948ஆம் ஆண்டு ஃபிரீடா ஃபுரோம்-ரைக்மன் என்னும் உளப்பகுப்பாய்வாளர், மனச்சிதைவுக்கு ஆளானோரின் அன்னையரைச் சுட்ட ஒரு சொல்லை எழுத்தில் வைத்தார்: 'ஸ்கிசோஃபிரினோஜெனிக் மதர்'. நோயை விளைவிக்கும் தாய் என்பது பொருள். சான்று மெலிந்தது, சொல்லோ பல பத்தாண்டுகள் நின்றது.

நோயெதிர்ப்பியல் அப்பழியைத் துடைத்திருக்க வேண்டும். ஓரளவு துடைக்கவும் செய்தது. மெக்கரோல், ஸ்டீவன்ஸ் ஆகியோரின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு, 'சி4' என்னும் நோயெதிர்ப்பு மரபணுவின் சில வடிவங்கள் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதைக் காட்டியது. கிருமிகளின்மீது குறியிட்டு அவற்றை அழிக்கத் துணைபுரியும் புரதம் இது. வளரும் மூளையில் இதே ஏற்பாடு நரம்பிணைப்புகள் சிலவற்றின்மீதும் குறியிடுகிறது; குறிபட்டவற்றை மைக்ரோகிளியா உயிரணுக்கள் விழுங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இதனைப் 'புரூனிங்' என்பர். தமிழுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை, கவாத்து இருக்கிறது. முருங்கையைக் கவாத்து செய்பவர் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிவார். பதின்பருவ மூளையில் வெட்டு அளவு கடந்துவிடுகிறது என்பதே கருதுகோள். கருதுகோள்தான்: சி4 கூட்டும் வாய்ப்பு சிறிது, அவ்வடிவங்களை உடையோரில் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதே இல்லை.

பழி வேறு வாசல் வழியே திரும்பியது. 1957ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயன்சா பரவலின்போது கருவின் நடுமாதங்களில் இருந்த ஹெல்சிங்கி மக்களிடையே மனச்சிதைவு மிகுந்திருந்ததாக மெட்னிக் குழுவினர் 1988இல் எழுதினர். பின்வந்த ஆய்வுகள் ஒருமித்து இதனை உறுதிசெய்யவில்லை. எனினும், கருவுற்ற எலிகளின் நோயெதிர்ப்பைத் தூண்டினால் குட்டிகளின் நடத்தை மாறுவது சோதனைகளில் தெரிந்தது. அதற்கு 'மெட்டர்னல் இம்யூன் ஆக்டிவேஷன்' என்று பெயர் வந்தது.

இதனைத் தமிழாக்குவோர்க்குத் 'தாய்வழி நோயெதிர்ப்புத் தூண்டல்' என்பதே முதலில் கைக்கு வரும். இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் தாய்வழிச் சொத்து, தாய்வழிப் பாட்டி என்று புழங்கும் மொழியில் 'தாய்வழி' என்பது குலத்தொடர்ச்சியைக் குறிக்கும். எப்போதோ வந்துபோன ஒரு காய்ச்சல், அச்சொல்லுக்குள் நுழைந்ததும் அவள் வழியில் ஓடும் குறையாகிவிடுகிறது. மகனோடு மருத்துவர்முன் அமர்ந்திருப்பவள் இச்சொல்லைத்தான் கேட்பாள்; காய்ச்சலைப் பற்றிய விளக்கம் அதன் பின்னரே வரும், வந்தால்.

'கருக்காலத் தொற்றுக்கு உடலின் எதிர்வினை' எனலாம். நீளம்தான், அட்டவணைத் தலைப்பில் இடம் போதாது.